தொலைவு போதாது

நமீபியாவின் தலைநகரான வின்ட்ஹுக்கில் தொலைப்பணி வசிப்பிட வாரியம் என்று ஒன்றைத் திறந்தார்கள். வாரியம் வருவதற்கு முன்பே அதன் சுவரொட்டி வந்துவிட்டது. சிவந்த மணல்மேட்டின் உச்சியில் ஒரு வெள்ளைக்காரர் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார். மடியில் லேப்டாப். முகத்தில் சம்பளம் வந்துவிட்ட மனிதனின் சிரிப்பு. அடியில் பெரிய எழுத்தில், 'வேலை எங்கேயோ, வாழ்க்கை இங்கே' என்று போட்டிருக்கும். அந்த மேட்டில் நம்மைப் போன்றவர்கள் ஏறினால் செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. அவருக்கு மட்டும் எப்படி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள், யாராக இருந்தாலும், நமீபியாவில் குடியிருந்துகொண்டே பார்க்கலாம், அதற்கு வாரியம் அனுமதி தரும் என்பதுதான் திட்டம். 'யாராக இருந்தாலும்' என்பதை வாரியம் ஒரு அழகுக்காகச் சேர்த்திருந்தது.

நசிலேலே சிதாலி அதை அப்படியே நம்பிவிட்டாள்.

அவள் சாம்பியாக்காரி. எல்லைக்கு அந்தப் பக்கம், சம்பேசி ஆற்றங்கரையில் இருக்கும் செஷேக்கே அவள் ஊர். ஏழு வருஷத்துக்கு முன்னால் மாணவர் அனுமதியில் வின்ட்ஹுக் வந்தவள், முதலில் ஒரு டிப்ளமோ, பிறகு ஒரு பட்டம் என்று படித்து முடித்துவிட்டாள். நடுவில் தைமியும் பிறந்துவிட்டாள். தைமியின் அப்பா ஃபிலெமோன் இந்த ஊர்க்காரன். வால்விஸ் பே துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பலில் ஏறினான். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கடலில் போய்விடவில்லை, வேறொரு கப்பலில் ஏறிக்கொண்டான் என்று கேள்வி. போனவன் போகட்டும் என்று விடலாம். ஆனால் அவன் கையெழுத்தையும் கையோடு கொண்டு போய்விட்டான்.

அதுதான் சிக்கல். தைமிக்கு ஆறு வயது, நமீபியக் குடிமகள். நசிலேலேயின் மாணவர் அனுமதி நவம்பர் முப்பதோடு முடிகிறது. வேறு அனுமதி கிடைக்காவிட்டால் அவள் நாட்டை விட்டுப் போக வேண்டும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்ட அப்பாவின் கையெழுத்து வேண்டும். குடிமகளின் தாய் என்று சொல்லி இங்கேயே தங்குவதற்கும் அதே அப்பாவின் கையெழுத்து வேண்டும். ஆக, சட்டப்படி தாய் இருக்கக் கூடாது, மகள் போகக் கூடாது. தைமிக்கு ஜனவரியில் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்து, சட்டைக்கு அளவும் கொடுத்தாகிவிட்டது.

நசிலேலேக்கு வேலை இருந்தது, அதுவும் சுவரொட்டியில் சொன்ன மாதிரியே. அயர்லாந்தில் மெத்தை விற்கும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவாள். மெத்தை நடுவில் பள்ளம் விழுந்தவர்கள், முதுகு வலிக்காரர்கள், மெத்தை வந்த அன்று மனைவி போய்விட்டவர்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். எல்லோருக்கும் அவள் அவ்வளவு கனிவாகப் பதில் போடுவாள். ஒரு நாள்கூட அந்த மெத்தையில் அவள் படுத்ததில்லை.

ஆகஸ்ட் கடைசியில் காகிதங்களை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள். அறுபத்திரண்டாவது ஆளாக நின்று, கவுன்டருக்கு வந்தபோது பதினொன்றரை. கவுன்டரில் மேமே நங்கோம்பே இருந்தாள். இங்கே பெற்ற அம்மாவும் மேமே, பெரிய பெண்மணி யாரானாலும் மேமே, பெரிய மனிதர் யாரானாலும் தாத்தே. நசிலேலே அவசரத்தில் காகிதங்களை நீட்டி, "விண்ணப்பம் குடுக்க வந்திருக்கேன், மேமே" என்றாள்.

நங்கோம்பே காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆளையும் பார்க்கவில்லை.

"நான் நேத்து ராத்திரி தூங்கினேனா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, மேமே."

"கேட்டியா?"

"கேக்கல."

"அப்போ பின்னாடி போய் நில்லு. இந்தப் பக்கமும் மனுஷங்கதான் உக்காந்திருக்கோம்."

தப்பு நசிலேலே பேரில்தான். இந்த நாட்டில் கவுன்டருக்கு முன்னால் சொந்தப் பெயரை மறந்தாலும் மன்னிப்பார்கள், நலம் விசாரிக்க மறந்தால் மன்னிக்க மாட்டார்கள். அவள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, மூன்று மணிக்குத் திரும்ப வந்தாள்.

"நல்லாத் தூங்கினீங்களா, மேமே?"

"தூங்கினேன். நீ?"

"தூங்கினேன்."

"வீட்ல எல்லாரும்?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"மழை ஏதாச்சும்?"

"எங்க பக்கம் இன்னும் இல்ல, மேமே."

"எங்க பக்கமும்தான் இல்ல" என்று பெருமூச்சு விட்ட நங்கோம்பே, அதோடு தங்கமான மனுஷியாகிவிட்டாள். நகல்களைப் புரட்டினாள். "போலீஸ் ஸ்டேஷன் முத்திரை நேத்துத் தேதியில இருக்கு. ரொம்ப நல்லது. மூணு மாசம் தாங்கும்." எங்கள் ஊரில் நகலை நகல் என்று போலீஸ்காரர் முத்திரை குத்திச் சொன்னால்தான் அது நகல். அந்த உண்மையும் மூன்று மாதத்தில் கெட்டுப் போய்விடும், அப்புறம் புதிதாகக் குத்த வேண்டும்.

"அந்தக் கம்பெனிக்கு மூணு மாசமா வேலை பாத்ததுக்கு அத்தாட்சி?"

"இருக்கு மேமே. மே, ஜூன், ஜூலை."

"நீ மாணவர் அனுமதியிலதானே இருக்க?"

"ஆமா."

"அதுல வேலை பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"அப்போ அத்தாட்சி வேண்டாமா?"

"அத்தாட்சி இல்லாம விண்ணப்பத்த வாங்க முடியாது."

"இருந்தா?"

"வாங்கிக்கிட்டு உன்னப் போலீஸ்ல ஒப்படைக்கணும்." நங்கோம்பே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நல்லவேளை, கண்ணாடி போடாம எனக்கு எதுவும் தெரியாது. அந்த அத்தாட்சிய மடிச்சுப் பைக்குள்ள வை. மேல போய் தாத்தே ஹங்கூலாவப் பாரு. பொது இயக்குநர். பெரிய மனசு அவருக்கு. இதுக்குன்னே ஒரு வழி வச்சிருக்கார்."

பொது இயக்குநர் ஹங்கூலா நசிலேலேயை உட்காரச் சொன்னார். தாமும் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அதே சுவரொட்டி கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது. அவர் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பது ஒரு ஆளா ஒரு மைதானமா என்று பார்க்க மாட்டார்.

"உலகத்த நம்ம நாட்டுக்குக் கூப்பிடறோம். அதுதான் நம்ம லட்சியம். உலகம்னா என்ன? தூரத்துல இருக்கறது. பக்கத்துல இருக்கறது உலகம் இல்ல, அது அக்கம்பக்கம். சரி, நீ எங்கேருந்து வர்ற?"

"செஷேக்கே, தாத்தே."

"செஷேக்கேயா!" இயக்குநரின் முகம் வாடிவிட்டது. "ஆத்துக்கு இந்தப் பக்கம் கட்டிமாவுல எங்க சித்தி வீடு கரையோரமா இருக்கு. உங்க ஊர்க் கல்யாணப் பாட்டு அவ முற்றத்துல கேக்கும். இது எப்படிம்மா தொலைவு?"

"நான் வேலை பாக்கற கம்பெனி அயர்லாந்துல இருக்கு."

"கம்பெனி தூரமா இருந்தா கம்பெனி விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பிக்கிறது நீதானே?"

மணியடித்துத் தூர அலுவலரை வரவழைத்தார். ஷிவூத்தே என்று பெயர், பேசாத மனிதர், கையில் எப்போதும் ஒரு அளவுகோல். அவர் சுவரில் இருந்த வரைபடத்தில் எல்லைக்கோட்டுக்கும் செஷேக்கேக்கும் நடுவில் அளவுகோலை வைத்தார். அளவுகோலில் இருந்த மிகச் சிறிய கோட்டைவிட அந்த இடைவெளி சிறியதாக இருந்தது. கோப்பில் 'தொலைவு போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"விதிப்படி குறைஞ்சது ஒரு கடலாவது தாண்டி வந்திருக்கணும்" என்றார் இயக்குநர். "ஆனா நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. நீ தொலைவுல கோட்டை விட்டத மேற்பார்வையில பிடிச்சுக்கலாம். கீழ மண்டபம் இருக்கு. நாளையிலேருந்து மூணு மாசம் அங்க உக்காந்து உன் கம்பெனி வேலையச் செய். அது வேலை கிடையாது, பரிசோதனை. அதனால சட்டப்படி குத்தமும் இல்ல, அத்தாட்சியும் ஆச்சு. எப்படி?"

"வீட்லேருந்து செஞ்சா ஆகாதா, தாத்தே? எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு."

இயக்குநர் பரிதாபமாகச் சிரித்தார். "வீட்ல உக்காந்து வேலை பாக்கறவன் எவனாவது வேலை பாக்கறானா? இந்த வாரியத்துல ஒருத்தரையும் நான் அப்படி விடறதில்ல. கண்ணு முன்னாடி இருந்தாத்தான் நம்பிக்கை. நீ தொலைவிலேருந்து வேலை செய்றியான்னு நாங்க பக்கத்துல இருந்து பாத்தாத்தானே தெரியும்?"

நசிலேலே காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நகரத்தின் கட்டுத்துராப் பகுதியில் அவள் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு மேமே ஹில்மாவுடையது. சந்தையில் கப்பானா என்று கரியில் மாட்டிறைச்சி சுட்டு விற்பவள், பேச்சும் கையில் இருக்கும் இறைச்சிக் கத்தி போலத்தான். நசிலேலே சொன்னதைக் கேட்டுவிட்டுக் கரியை ஊதுவதை நிறுத்தினாள்.

"இரு, இரு. தூரமா இருந்து வேலை செய்றத நிரூபிக்க நீ தினம் அவங்க மூக்குக்கு முன்னாடி போய் உக்காரணும்?"

"ஆமா, மேமே."

"இத உனக்குச் சொன்ன ஆளுக்கு மனநல ஆஸ்பத்திரிக்காரங்க அனுமதிச் சீட்டு குடுத்துத்தான் வெளிய விட்டாங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மூணு மாசம்தானே. அப்புறம் தைமிகூட இருக்கலாம்."

ஹில்மா தைமியைப் பார்த்தாள். தைமி தரையில் சாக்கட்டியால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். "குழந்தைய பாலர் பள்ளி விட்டதும் நான் கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள் ஹில்மா. "நீ போய் உக்காரு. கிறுக்கனுங்களோட வாதாடி ஜெயிச்சவங்க யாரும் இல்ல."

இப்படியாக நசிலேலே மண்டபத்தில் உட்கார்ந்தாள். காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, மாலை ஐந்து மணிக்கு இன்னொரு கையெழுத்து. எதிர் மேஜையில் ஷிவூத்தே. மணிக்கொரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்து, குறிப்பேட்டில் 'விண்ணப்பதாரர் தெரிகிறார்' என்று எழுதுவார். வாரியத்தின் இணையத்தை வெளியாட்கள் பயன்படுத்தக் கூடாதென்பதால் அவள் தன் செல்போன் டேட்டாவில் வேலை பார்த்தாள். மண்டபத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருந்தது, அது தேநீர்க் கெட்டிலுக்கு ஒதுக்கப்பட்டது. கெட்டில் கொதிக்கும்போது லேப்டாப்பைக் கழற்ற வேண்டும். வாரியத்தில் தேநீர் பத்து மணிக்கு, பதினொன்றுக்கு, மூன்று மணிக்கு, பிறகு யாராவது வந்தால்.

வீட்டுக்குப் போனதும் தைமி தினம் கேட்பாள், "ஒட்டிட்டாங்களாம்மா?" அனுமதி என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டும் வண்ணக் காகிதம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "பசை காயணும்ல, கொஞ்ச நாளாகும்" என்பாள் நசிலேலே.

இரண்டாம் வாரத்தில் நங்கோம்பே ஒரு கடிதத்தோடு வந்தாள். மாடிப்படிக்கு அடியில் இப்படி எழுநூறு கடிதங்கள் கிடந்தன, எல்லாம் மறுக்கப்பட்டவர்கள் எழுதியவை. வாரியம் அதுவரை எல்லோருக்கும் 'மறுக்கப்பட்டது' என்ற ஒரே வார்த்தையைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் ஏன் என்று கேட்டு எழுதினால், அந்தக் கேள்வி படிக்கு அடியில் போய்ச் சேரும்.

"பாப்பா, நீ வேகமா டைப் அடிக்கிற. இந்த மனுஷனுக்கு ரெண்டு வரி எழுதிக் குடேன். தினம் வந்து அழறான்."

நசிலேலேக்குத் தெரிந்தது மெத்தைக் கடிதம்தான். அதையே எழுதினாள். 'உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது. எங்கள் மீது நம்பிக்கையோடு சாய்ந்தபோது எதிர்பார்த்த ஆறுதல் கிடைக்கவில்லை என்பதை அறிந்து மனம் வருந்துகிறோம். தங்கள் பொறுமைக்கு நன்றி.' அந்த மனிதர் மறுநாள் வந்தார், அழவில்லை. நங்கோம்பேயின் கையைக் குலுக்கிவிட்டு நாட்டை விட்டுப் போனார்.

செய்தி மாடிக்கு ஏறிவிட்டது. இயக்குநர் தாமே இறங்கி வந்தார்.

"மறுப்பு வாங்கினவன் நன்றி சொல்லிட்டுப் போறான்! இந்த வாரியத்தோட சரித்திரத்துலயே நடந்ததில்ல. இனிமே எல்லாத்தையும் நீயே எழுதும்மா. உன் விண்ணப்பத்துக்கு இது எவ்வளவு நல்லது தெரியுமா?"

நசிலேலேக்கு எவ்வளவு நல்லது என்று தெரியவில்லை. ஆனால் நல்லது என்ற வார்த்தை காதில் விழுந்தது, அது போதுமாக இருந்தது. காலையில் மெத்தைக்காரர்கள், மதியம் மறுக்கப்பட்டவர்கள் என்று எழுதித் தள்ளினாள். அக்டோபர் நடுவில் எழுநூறு கடிதமும் தீர்ந்தது. ஆனால் புதிதாகக் கடிதங்கள் வரத் தொடங்கின. மறுப்புகள் இவ்வளவு அழகாக இருக்கும்போது அனுமதி கொடுப்பானேன் என்று மாடியில் முடிவு செய்திருந்தார்கள். முன்பு தயங்கித் தயங்கி மறுத்த அலுவலர்கள்கூட இப்போது மனநிம்மதியோடு மறுத்தார்கள்.

அந்த மாதத்தில்தான் டோபியாஸ் வந்தான். உண்மையிலேயே வெறுங்காலோடு வந்தான், ஜெர்மானியப் பையன். நங்கோம்பேக்கு வணக்கம் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை. அவள் அவனைப் பின்னால் அனுப்ப வாயைத் திறந்தாள். அதற்குள் இயக்குநர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிவிட்டார்.

"எந்தக் கம்பெனிங்க?"

"இப்போதைக்கு எதுவும் இல்ல" என்றான் டோபியாஸ். "சும்மா இருக்கறது எப்படின்னு வீடியோ எடுத்துப் போடலாம்னு இருக்கேன்."

"எவ்வளவு தொலைவான சிந்தனை!" என்று இயக்குநர் நெகிழ்ந்துபோனார். ஷிவூத்தே அளவுகோலை வைத்துப் பார்த்தார். அது போதாமல் இன்னொரு அளவுகோல் வாங்கி வர ஆள் அனுப்பினார்கள். பத்து நிமிஷத்தில் அனுமதி. புகைப்படத்துக்காக ஒரு மூட்டைச் சிவப்பு மணலைக் கொண்டு வந்து நசிலேலேயின் மேஜையைச் சுற்றிக் கொட்டினார்கள். அவளை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் அவனை உட்கார வைத்து, மடியில் அவளுடைய லேப்டாப்பையே கொடுத்தார்கள். அதில் பாதி எழுதின மெத்தைக் கடிதம் ஒன்று இருந்தது. நசிலேலேயிடம் மணல் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பையன் நல்லவன்தான். எழுந்து போகும்போது, "நீங்க இங்கதான் வேலை செய்றீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல, நானும் விண்ணப்பதாரர்தான்."

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

"ரெண்டு மாசமா."

டோபியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த நாட்டுக்காரர்களின் நகைச்சுவை உணர்வு பற்றி அவன் எடுத்த முதல் வீடியோ அதுதான். பிறகு மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியதும் நசிலேலேதான்.

நவம்பர் கடைசியில் மூன்று மாதம் முடிந்தது. அறுபத்தைந்து வேலை நாள், ஒரு நாள் தவறவில்லை. மறுநாள் காலை தைமிக்குத் தலைவாரிவிடும்போது, "இன்னிக்கு ஒட்டிடுவாங்க" என்று சொல்லிவிட்டே வந்தாள். அதுவரை அவள் அப்படிச் சொன்னதில்லை.

மாடியில் இயக்குநர், ஷிவூத்தே, நங்கோம்பே மூவரும் இருந்தார்கள். நங்கோம்பே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோப்ப ரொம்பக் கவனமாப் பாத்தோம்" என்றார் இயக்குநர். "தொலைப்பணியாளர்னா தொலைவுல இருக்கணும். ஷிவூத்தே, எத்தன தடவ?"

"ஐந்நூத்தி எண்பத்தஞ்சு தடவ தெரிஞ்சாங்க" என்றார் ஷிவூத்தே. அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒரு தடவகூடத் தெரியாம இல்ல."

"கேட்டியா? தினம் ஆபீசுக்கு வந்து பதிவேட்டுல கையெழுத்துப் போட்டு வேலை பாத்திருக்க. உன் கையெழுத்துதான். இத எப்படிம்மா தொலைப்பணின்னு சொல்றது? அதுவும் பாதி நாள் ஒரு உள்ளூர் நிறுவனத்துக்கு வேலை பாத்திருக்க. மாணவர் அனுமதியில அது பெரிய குத்தம்."

"எந்த உள்ளூர் நிறுவனம்?"

"நாங்கதான்."

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க!"

"நாங்க கேப்போம். சட்டம் தெரிஞ்சவ நீ முடியாதுன்னு சொல்லியிருக்கணும். போகட்டும், இதையெல்லாம் நான் பெரிய மனசு பண்ணி விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா நகல்ல இருக்கற முத்திரை நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"இன்னிக்கே புதுசாக் குத்திட்டு வந்துடறேன், தாத்தே. ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. ஓடிப்போய் வந்துடறேன்."

"பரிசோதனை நடக்கும்போது கோப்பு மூடி இருக்கும். முடிஞ்சப்புறம் அதுல புதுசா எதையும் சேக்க முடியாது."

நசிலேலே கோபக்காரி அல்ல. ஆனால் அந்த நிமிஷம் அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும், கண்ணாடிச் சட்டத்து வெள்ளைக்காரர் உட்பட, ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. "என் குழந்தைக்கு ஆறு வயசு" என்று மட்டும் சொன்னாள்.

"குழந்தைக்கு என்ன? அவ குடிமகள்!" இயக்குநர் கையை விரித்தார். "அவ தாராளமா இருக்கலாம். அவமேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"நான் இல்லாம அவ எப்படி இருப்பா?"

"நீதானேம்மா தொலைவிலேருந்து எல்லா வேலையும் செய்யலாம்னு நம்பறவ. இந்தக் காலத்துல தாயா இருக்கறதுகூட அப்படிச் செய்யலாம். வீடியோ கால் இருக்கு. முகம் தெரியுது, குரல் கேக்குது. எங்க அம்மா காலத்துல இதெல்லாம் ஏது?" சொல்லிவிட்டு, தாம் சொன்னது தமக்கே பிடித்துப்போய் நங்கோம்பே பக்கம் திரும்பினார். "இத எழுதி வை. அடுத்த சுவரொட்டிக்கு ஆகும்."

நங்கோம்பே எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். மறுப்புக் கடிதத்தை நசிலேலேயே எழுதிவிட்டால் நன்றாக இருக்கும், அவள் அளவுக்கு வேறு யாருக்கும் எழுத வராது என்றார். "இத நான் எழுத மாட்டேன்" என்றாள் நசிலேலே. அந்த மூன்று மாதத்தில் அவள் முடியாது என்று சொன்னது அது ஒன்றைத்தான். கடைசியில் நங்கோம்பே ஒற்றை விரலால், எழுத்துப் பிழைகளோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டிக் கொடுத்தாள். மறுக்கப்பட்டது.

படியிறங்கும்போது இயக்குநர் பின்னாலேயே வந்தார். "இன்னொரு விஷயம். ஒரு வருஷம் கழிச்சு நீ மறுபரிசீலனை கேக்கலாம். முடிவு என் கையில. அதுவரைக்கும் உங்க ஊர்லேருந்தே எங்க கடிதங்களுக்குப் பதில் எழுதிட்டு இரு. சம்பளம் கிடையாது, மரியாதைப் பணி. வாரியத்துல யாருக்கும் நான் இந்தச் சலுகை குடுத்ததில்ல. தொலைவிலேருந்து வேலை பாக்க நான் நம்பற முதல் ஆள் நீதான்."

ஹில்மா இதைக் கேட்டபோது திட்டக்கூட இல்லை. அதுதான் நசிலேலேக்குப் பயமாக இருந்தது. "கோர்ட்டுக்குப் போகலாம்" என்றாள் ஹில்மா. "ரெண்டு வருஷம் ஆகும்னு சந்தையில சொல்றாங்க. அதுவரைக்கும் குழந்தை என்கிட்ட இருக்கட்டும். நீ அழறதா இருந்தா இப்பவே அழுதுடு, அவ முன்னாடி அழாத."

இருபத்தொன்பதாம் தேதி கட்டிமா போகும் பஸ்ஸில் நசிலேலே ஏறினாள். தைமி வழியனுப்ப வரவில்லை. வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். எல்லையில் அலுவலர் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "தனியாவா போறீங்க?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் முத்திரை குத்திவிட்டார்.

ஜனவரி வந்தது. தைமி ஒன்றாம் வகுப்புக்குப் போனாள், பெரிய சட்டையில், கைப்பட்டி மடித்துவிட்டு. தினம் இரண்டு மணிக்கு ஹில்மாவின் போனிலிருந்து கூப்பிடுவாள். முதல் வாரம் முழுக்க முகத்தைக் காட்டிக்கொண்டு பேசினாள். இரண்டாம் வாரம் போனைக் கப்பானா மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு விளையாடப் போனாள். நசிலேலேக்குச் சந்தையின் கூரைத் தகடும் புகையும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் தைமி, "மேமே" என்று கூப்பிட்டாள். இவள் "சொல்லும்மா" என்றாள். கூப்பிட்டது ஹில்மாவை.

செஷேக்கேயில் ஆற்றங்கரைப் பக்கம் போனால்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே ஒரு படகுக்காரரின் கொட்டகையில் உட்கார்ந்து காலையில் மெத்தைக்காரர்களுக்கு எழுதினாள், மதியம் வாரியத்துக்கு எழுதினாள். வாரியத்துக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இயக்குநரிடமிருந்து ஒரு வரி வரும். 'நன்று. உன் கோப்பை நான் மறக்கவில்லை.'

பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. ருவரஷே என்று ஒருத்தி, ஜிம்பாப்வேக்காரி, வின்ட்ஹுக்கில் படித்து முடித்தவள். கென்யாவில் இருக்கும் ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். 'எனக்கு நாலு வயதில் மகன். இங்கே பிறந்தவன். உங்கள் மண்டபத்தில் மூன்று மாதம் வந்து உட்கார்ந்தால் அனுமதி கிடைக்கும் என்று கவுன்டரில் சொன்னார்கள். ஒரு பெண் என்ற முறையில் கேட்கிறேன், இந்தக் கடிதத்தைப் படிப்பவர் யாராக இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். உட்காரட்டுமா?'

நசிலேலே வேகமாக அடித்தாள். 'உட்காராதே. அவர்கள் உன்னைப் பார்த்துப் பார்த்து எழுதிவைப்பார்கள், பிறகு தெரிந்தாய் என்று மறுப்பார்கள். முத்திரை மூன்று மாதத்தில் காலாவதியாகும், அதற்காகத்தான் மூன்று மாதம். மகனின் அப்பா எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து இன்றைக்கே கையெழுத்து வாங்கு. வாங்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடு.'

எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தாள். வாரியத்தின் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி இயக்குநர் மேஜைக்குப் போகும். கோர்ட்டில் தேதி இன்னும் கிடைக்கவில்லை. தைமியிடம் திரும்பிப் போக அந்த ஒரு கோப்பைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நமீபியா கண்ணுக்கு எதிரில் இருந்தது. யாரோ ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

எழுதியதை எல்லாம் அழித்தாள். பிறகு நிதானமாக அடித்தாள்.

'அன்புள்ள ருவரஷே அவர்களுக்கு, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஒரு தாயின் கவலை எங்களுக்குப் புரிகிறது. மண்டபம் காலை எட்டு மணிக்குத் திறக்கும். நகல்களில் காவல் நிலைய முத்திரை இருப்பதை உறுதி செய்துகொண்டு வரவும்.'

அனுப்பினாள். மணி இரண்டாகியிருந்தது. போன் இன்னும் அடிக்கவில்லை. அடுத்த கடிதத்தைத் திறந்தாள்.